ஓட்டர்களிடம் என்ன சொல்லுவது?

(தேனியில் இளைஞர்களுக்காக நடந்த பிரசாரப் பயிற்சி வகுப்பில் பேசியது)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், தேர்தல் பிரசாரத்தில் ஓட்டர்களிடம் எதைச் சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்பதாகும். இதைப்பற்றிப் பேசச் சுயமரியாதைக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் இயக்கம் தேர்தலில் நிற்பதில்லை, ஸ்தானம் கேட்பதில்லை, மந்திரி வேலையும் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்த விஷயத்தைத் தாட்சணியமில்லாமல் பேச முடியும் என்பது என் அபிப்பிராயம். மாட்டுச் சந்தையில் தரகு வாங்குகிறவன் மாட்டின் பல்லைப்பற்றி நிஜம் சொல்லுவானா? தரகு வாங்காதவன்தானே சொல்லுவான்? ஆகவே நான் சொல்லுவதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! ஓட்டுக் கேட்கிறவன் சொல்லுகிற வார்த்தை இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று மந்திரம் போல இருக்கலாம்; மற்றொன்று புரோநோட்டுப் போல இருக்கலாம். மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கக் கூடாது, கேட்டால் பாவம். அதன் பலன் எப்போது வரும் என்றும் கேட்கக்கூடாது. கேட்டால் அடுத்த ஜன்மத்தில் என்பார்கள். பலிக்கவில்லை என்றால் குற்றம் மந்திரம் சொன்னவன் பேரில் இல்லை, கேட்டவனுக்குப் பக்தி போதவில்லை என்பார்கள். புரோநோட்டு அப்படியல்ல. அதில் எழுதிக்கொடுத்தவன் பெயர் இருக்கும், தொகை இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். அதை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு கெடு வந்ததும், "என்னப்பா, சொன்னது என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்கலாம். நீங்கள் நாளைக்குக் கிராமங்களுக்குப் போய் எந்த அபேட்சகருக்காகப் பேசினாலும் சரி, உங்கள் வாயில் வருகிற வாக்கியம் மந்திரமா, புரோநோட்டா என்பதுதான் நான் கேட்கிற கேள்வி. இன்று நான் பேசப்போவது முழுவதும் இதுவேயாகும்.

இந்தப் பிரசாரக் கலை எப்படி வந்தது என்று பாருங்கள். 1937ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது சொத்தும், வரியும், படிப்பும் உள்ள கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு இருந்தது. 1951-52 தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு வந்தது. மிராசுதாருக்கும் ஒரு ஓட்டு, அவர் வயலில் சேறு மிதிக்கிற பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. நாலு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தால் தேர்தல் முடிந்தது என்ற காலம் அத்தோடு போயிற்று. இலட்சம் பேர் காதில் விழும்படியாக ஒரு சின்ன வார்த்தை வேண்டியதாயிற்று. அந்தச் சின்ன வார்த்தையைத் தேடிப் போனபோதுதான் யோக்கியர்களும் புரட்டர்களும் ஒரே சந்தையில் கடை போட்டார்கள்.

எழுத்துத் தெரியாதவர்களுக்காக 1937ல் பெட்டிக்கு வர்ணம் வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. மஞ்சள் என்றால் நம் வீடுகளில் தாலிக்கயிறு, மங்கலம், நல்ல காரியம். 215 ஸ்தானங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தது. மஞ்சளால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. ஆனால் வர்ணத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டவர், உள்ளே என்ன கொள்கை இருக்கிறது என்று பார்க்க அந்த வர்ணம் உதவி செய்திருக்காது என்று மட்டும் சொல்லுவேன். 1951-52ல் சின்னம் வந்தது. காங்கிரசுக்குப் பூட்டிய இரட்டைக் காளை. பிறகு உதயசூரியன் வந்தது, இரட்டை இலை வந்தது. சின்னம் என்பது கடைக்கு மாட்டுகிற பலகை போன்றது. பலகை வேண்டியதுதான், இல்லாவிட்டால் படிக்காதவர் கடையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பலகையை மென்று தின்றால் பசி தீருமா? நம் ஜனங்களில் பலர் கடையில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் பலகைக்குக் கற்பூரம் காட்டுகிறவர்களாகவே ஆக்கப்பட்டு விட்டார்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1989 தேர்தலுக்கு முன் அண்ணா தி.மு.க. இரண்டாகப் பிரிந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. போடிநாயக்கனூரில் ஜெயலலிதா அம்மையார் சேவல் சின்னத்தில் நின்று ஜெயித்தார். பக்கத்து ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையார் இரட்டைப் புறாவில் நின்று தோற்றார். இரு தரப்பும் எம்.ஜி.ஆர். பெயரைத்தான் சொன்னார்கள், உண்மையான வாரிசு யார் என்பதுதான் பேச்சு. வாரிசு வழக்கைத் தீர்க்கச் சிவில் கோர்ட்டு இருக்கிறதே, அதற்கு ஆண்டிபட்டிக் குடியானவனின் ஓட்டு எதற்கு என்று அன்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெயரை மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சங்கதியும் சொல்லுகிறேன். பெரியகுளத்துக்காரரான முன்னாள் முதல் மந்திரி ஓ. பன்னீர்செல்வம் அவர்கள் 2024ல் இராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரைக் கொண்ட வேறு சிலரும் அதே தொகுதியில் அபேட்சகர்களாக நின்றார்கள். இயந்திரத்தில் அபேட்சகரின் போட்டோவும் இருக்க வேண்டும் என்று 2015லேயே தேர்தல் கமிஷன் ஏற்பாடு செய்திருந்தும், பெயர்க் குழப்பத்தை நம்புகிற புத்தி போகவில்லை. ஏன்? ஓட்டர் யோசிக்க மாட்டார், பெயரைப் பார்த்ததும் அழுத்திவிடுவார் என்ற நம்பிக்கைதான். ஓட்டரைப்பற்றி இதைவிடக் கேவலமான அபிப்பிராயம் வேறென்ன இருக்க முடியும்?

நிற்க. நல்ல வார்த்தையே இந்த நாட்டில் சொல்லப்படவில்லையா என்று கேட்பீர்கள். சொல்லப்பட்டிருக்கிறது. 1967ல் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில் தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்று சொல்லிற்று. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதில் ரூபாய் இருக்கிறது, படி இருக்கிறது, எண் இருக்கிறது. அடுப்பங்கரையில் நிற்கிற தாய்மாருக்கு அர்த்தம் சொல்ல வாத்தியார் வேண்டியதில்லை. அளந்து பார்க்கிற படி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். மூன்று படி வரவில்லை. வரவில்லை என்பதை ஜனங்களே கண்டுபிடித்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் ஊர் ஊராகக் கேட்டார்கள். எதனால் கேட்க முடிந்தது? வாக்கியத்தில் எண் இருந்ததனால் கேட்க முடிந்தது. "வறுமையை ஒழிப்போம்", "பொற்கால ஆட்சி தருவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? ஆகவே புரோநோட்டு எழுதிக்கொடுத்தவன் முழுதும் கட்டவில்லை என்றாலும், எழுதிக்கொடுத்தது நல்லதே என்று சொல்லுவேன். பாக்கி எவ்வளவு என்றாவது தெரிந்தது அல்லவா?

இதற்கு நேர் எதிரிடையான பிரசாரத்தையும் நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1971 ஜனவரியில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்தது. அந்த ஊர்வலத்தில் இராமன் படம் செருப்பால் அடிக்கப்பட்டது என்பதை வைத்துக்கொண்டு, மார்ச்சில் வந்த தேர்தல் முழுவதற்கும் அதையே பிரசாரமாக்கினார்கள். சுவர் சுவராகப் படம் ஒட்டினார்கள். இராமனை அடித்தவர்களுக்கா ஓட்டு என்றார்கள். முடிவு என்ன? 1967ல் 137 ஸ்தானம் பெற்ற தி.மு.க. 1971ல் 184 ஸ்தானம் பெற்றது. இதைக் கொண்டு ஜனங்கள் எல்லாம் இராமனை வேண்டாமென்று விட்டார்கள் என்று நம்மவர்கள் குதிக்க வேண்டியதில்லை. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்களே. ஆனால் சாமி வேறு, சர்க்கார் வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி நம் பாமர மக்களுக்கு உண்டு என்பது அன்று ருஜுவாயிற்று. அதே நியாயம் நமக்கும் பொருந்தும். ஓட்டுப் பிரசாரத்துக்குப் போகிற இடத்தில் ஒரு கிழவியின் நெற்றியில் இருக்கிற விபூதியைக் கேலி செய்துவிட்டு வராதீர்கள். அந்த விவாதத்துக்கு வேறு மேடை இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம். ஓட்டுக் கேட்கிற இடத்தில் பேச்சு அந்த அம்மாளின் தண்ணீரையும், கூலியையும், ரேஷனையும் பற்றியே இருக்கட்டும்.

அடுத்தபடியாகப் படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பதைப்பற்றிச் சொல்லுகிறேன். 1984 டிசம்பரில் தேர்தல் நடந்தபோது எம்.ஜி.ஆர். அவர்கள் நோயுற்று அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்தபடியே, அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டித் தொகுதிக்கு அபேட்சகராக நின்றார். அவர் உயிரோடு இல்லை என்ற வதந்தி நாடெங்கும் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் காட்சியை வீடியோ படமாக எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். தொகுதியில் கால் வைக்காமலேயே அவர் ஜெயித்தார். இதில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது. பொய் வதந்திக்குப் பதிலாக ருஜுவைக் காட்டியது தப்பல்ல. 1982ல் அவருடைய சர்க்கார் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தைத் தங்கள் பிள்ளைகளின் தட்டில் கண்டு, அதற்காக ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள், அதுவும் தப்பல்ல. ஆனால் அந்தப் படம் எதற்கு ருஜு? அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ருஜு. மழை மறைவுப் பிரதேசமான ஆண்டிபட்டிக்குத் தண்ணீர் வரும் என்பதற்கு ருஜு ஆகுமா? கண்ணீர் விட்டு ஓட்டுப் போட்டவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டார்கள் என்பதுதான் சங்கடம்.

1984ல் உயிரோடிருந்தவரைத்தான் படத்தில் காட்டினார்கள். 2024ல் என்ன நடந்தது? செத்துப் போனவர்களையே பேச வைத்துவிட்டார்கள். 2018ல் காலமான கலைஞர் கருணாநிதி அவர்கள் இயந்திர அறிவினால் செய்யப்பட்ட படத்தில் தோன்றிப் பேசினார். 2016ல் காலமான ஜெயலலிதா அம்மையாரின் குரலில் அவருடைய பிறந்த நாளன்று ஒரு பேச்சு வெளியிடப்பட்டது. இரு கட்சியும் செய்தது. நம் கிராமங்களில் கோடாங்கி உடுக்கடித்து, செத்த பாட்டன் தன்மேல் வந்து பேசுவதாகச் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்கிறோம். கம்ப்யூட்டர் உடுக்கடித்தால் மட்டும் அது விஞ்ஞானம் ஆகிவிடுமா? செத்தவரிடம் கேள்வி கேட்க முடியாது. பதில் சொல்ல முடியாதவர் பெயரால் கொடுக்கிற வாக்கு எப்படிப் புரோநோட்டாகும்? இன்று தேவாரத்தில் ஆடு மேய்க்கிற பையன் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. யாரோ யாரையோ திட்டுவது போல ஒரு குரல் வந்தால், "இதை முதலில் சொன்னது யார்? எந்த ஊரில், எந்தத் தேதியில்?" என்று கேட்காமல் நீங்கள் ஒருவருக்கும் அனுப்பக்கூடாது. மறுநாள் பொய் என்று தெரிந்து நீங்கள் அழித்தாலும், கேட்டவன் மனதிலிருந்து அழிக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 16ந் தேதி இரவு, ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆண்டிபட்டியில் வருமானவரி இலாகாவினர் சோதனை போட்டு ஏறக்குறைய 1 கோடியே 48 இலட்சம் ரூபாயைப் பிடித்தார்கள். கலவரமாகிப் போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பிடிபட்ட உறைகளின் மேல் வார்டு எண்ணும், ஓட்டர் எத்தனை பேர் என்பதும், தலைக்கு 300 ரூபாய் என்பதும் எழுதியிருந்தன. எந்தக் கட்சி என்று நான் பேர் சொல்ல வேண்டியதில்லை; பிடிபட்டது ஒன்று, பிடிபடாதது எத்தனையோ! 300 ரூபாயை 5 வருஷத்துக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்கு 60 ரூபாய். நாளைக்குச் சுமார் 16 காசு. பிச்சைக்காரருக்கு 16 காசு போட்டால் திருப்பி எறிந்துவிடுவார். அவர் திருப்பி எறிகிற காசுக்கு ஒரு குடும்பத்தின் 5 வருஷத்தை விற்கச் சொல்லுகிறார்கள். ஆனால் தோழர்களே, பணம் வாங்கின ஏழையைத் திட்டிவிட்டு வருவது பிரசாரமாகாது. அடுப்பு எரியாத வீட்டில் 300 ரூபாய் பெரிதுதான். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது கணக்கு: "கொடுக்கிறவன் இந்தக் கோடியை எங்கே திருப்பி எடுப்பான்? உங்கள் ஊர் ரோட்டிலும், உங்கள் கண்மாய்க் காண்ட்ராக்டிலும் அல்லவா எடுப்பான்?" இதை வசையில்லாமல் சொன்னால் காதில் ஏறும்.

தோழர்களே! எல்லாவற்றிலும் விஷமான மந்திரம் சாதிதான். "நம்மாள்" என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று அனுபவசாலிகள் என்று பெயர் வாங்கினவர்கள் உங்களுக்கு உபதேசம் செய்வார்கள். அவர்களிடம் ஒரு சங்கதியைக் கேளுங்கள். 2019 ஏப்ரலில் ஆண்டிபட்டி சட்டசபை இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு ஆ. மகாராஜன், அண்ணா தி.மு.க.வுக்கு ஆ. லோகிராஜன் நின்றார்கள். இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள். மகாராஜன் ஜெயித்தார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர் எதிரெதிராக நின்றால் சாதியைச் சொல்லி எவருக்கு ஓட்டுக் கேட்பது? அன்றைக்கு ஓட்டர்கள் சாதியை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு எதையோ பார்த்துத்தானே முடிவு செய்திருக்க வேண்டும்? அப்படியானால் மற்றத் தேர்தல்களிலும் அது முடியாதா?

சட்டமும் இதைத் தடுக்கிறது. 1951ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123வது பிரிவில், மதம், இனம், சாதி, சமூகம், பாஷை இவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும், லஞ்சம் கொடுப்பதும், எதிரியின் சொந்த நடத்தையைப்பற்றிப் பொய் சொல்லுவதும் ஊழல் நடவடிக்கை என்று எழுதியிருக்கிறது. அபேட்சகரின் சாதி மட்டுமல்ல, ஓட்டரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம்தான் என்று 2017 ஜனவரி 2ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் விட வேண்டாம். தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவர் சென்னைக்கோ டில்லிக்கோ போய்விடுவார். ஊர்த் தெருவும் காலனித் தெருவும் இங்கேதான் இருக்கும். ஒரே வாய்க்கால் தண்ணீரில்தான் இருவரும் நடவு நட வேண்டும். ஓட்டுக்காக நீங்கள் மூட்டிவிட்ட பகையை அணைக்க எந்தச் சட்டசபை மெம்பர் வரப்போகிறார்? வெட்டுப்படுகிறவனும் ஜெயிலுக்குப் போகிறவனும் இரண்டு தெருவிலும் கூலிக்காரன் பிள்ளைதானே? இதை யோசித்துப் பார்த்தால் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மனம் வருமா?

சரி, புரோநோட்டு எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சங்கதிகளைக் கொண்டே சொல்லுகிறேன்.

முதலாவது, ரயில். மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிய மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டது. தேனிக்கு 2022லும் போடிக்கு 2023லும்தான் மறுபடி வந்தது. பாதை சுமார் 90 கிலோமீட்டர். இதற்கிடையில் 2011, 2014, 2016, 2019, 2021 என்று 5 தேர்தல்கள் வந்து போயின. ரயில் வரும் என்று சொல்லிக் கேட்காத ஓட்டர் இங்கே உண்டா? "ரயில் கொண்டு வருவேன்" என்பது மந்திரம். "இவ்வளவு தூரம் வேலை முடிந்திருக்கிறது, இவ்வளவு பாக்கி, இந்த வருஷ பட்ஜெட்டில் இவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், போதாது, மிச்சத்துக்குப் பார்லிமென்டில் கேள்வி கேட்டு, அதற்கு வந்த பதிலை அச்சடித்து ஊரில் கொடுப்பேன்" என்பது புரோநோட்டு.

இரண்டாவது, முல்லைப் பெரியாறு. 1895ல் கட்டி முடித்த அந்த அணையில் 152 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 1979க்குப் பிறகு 136 அடியாகக் குறைத்தார்கள். 2006ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி தேக்கலாம் என்றது. கேரள சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே 7ந் தேதி அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளி, 142 அடியைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், இன்னும் நாலு ஜில்லாக்களும் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி அபேட்சகரும் "152 அடி உயர்த்துவோம்" என்கிறார்கள். ஒரு சட்டசபை மெம்பர் கையை உயர்த்தினால் அணையில் தண்ணீர் உயர்ந்துவிடுமா? பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும். அதற்கு அங்கே நிற்கிற மரங்களை வெட்டக் கேரளத்தின் அனுமதி வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் 15 மரங்களை வெட்ட அனுமதி கொடுத்து, உடனே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆகவே யோக்கியமான அபேட்சகர், "152 என்பது எங்கள் கோரிக்கை; அதற்கு முன் தடையாக இருப்பது இன்ன காரியம்; அதை இன்ன கமிட்டியிலும் இன்ன கோர்ட்டிலும் கேட்க வைப்பேன்; வருஷம் ஒரு தடவை கம்பத்தில் கூட்டம் போட்டு நடந்ததைச் சொல்லுவேன்" என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். அணையைப்பற்றிப் பேசும்போது மலையாளத்தான் என்று வசை பாடினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் 2011 டிசம்பர்க் கலவரத்தில் எல்லை தாண்டி வேலைக்குப் போன நம் கூலிப் பெண்கள்தான் பயந்து ஓடி வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, அந்தத் தாய்மார்களைப் பற்றியதே. விடிவதற்கு முன் ஜீப்பேறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், "மாநில உரிமை மலர, சமதர்மம் தழைக்க" என்று ஆரம்பித்தால் என்ன சொல்லுவார்? "அதெல்லாம் சரி தம்பி, மூட்டை அடுக்குற மாதிரி ஜீப்புல எங்களை அடைக்கிறானே, வளைவுல உருண்டா யாரு பொறுப்பு?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் உங்கள் பிரசாரம். "அக்கா, ஏற்றுகிற ஆள் கணக்கைச் செக்போஸ்ட்டில் தினம் பார்க்கச் செய்வது, விடியற்காலையில் பஸ் விடச் செய்வது, இந்த இரண்டையும் எங்கள் அபேட்சகர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இந்தாருங்கள்" என்று ஒரு நோட்டீசைக் கையில் கொடுங்கள். அவர் அதை மடித்து வைத்துக்கொள்ளுவார். வைத்துக்கொண்டால் ஒரு நாள் கேட்பார். அப்படிக் கேட்கிற ஓட்டரை உண்டாக்குவதுதான் நம் வேலை.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியில் விடுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். என்ன செய்யப்போகிறோம்? யாருக்கு? பணம் எங்கிருந்து? எப்போது? செய்யாவிட்டால் எங்கே வந்து கேட்பது? ஐந்துக்கும் பதில் இருந்தால் அச்சுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள். ஒரு நோட்டீசில் ஒரு சங்கதிக்கு மேல் வேண்டாம். சின்னமனூர்ச் சந்தையில் பேசுகிற பாஷையில் எழுதுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் கட்டாயம் இருக்க வேண்டும். 127ஏ பிரிவு அதைத்தான் சொல்லுகிறது. பெயர் போடத் துணியாத நோட்டீசு மொட்டைக் கடுதாசிக்குச் சமானம். ஓட்டுப் பதிவு முடிவதற்கு முந்தின 48 மணி நேரத்தில் கூட்டம் போடக்கூடாது என்பதையும் மதியுங்கள். சக்கம்பட்டி நெசவாளியிடம் நூல் விலையையும், உத்தமபாளையத்து விவசாயியிடம் தண்ணீர் திறக்கும் தேதியையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாய் திறங்கள். நல்ல பிரசாரகன் முதலில் காது உள்ளவனாக இருக்க வேண்டும்.

தேர்தல் அறிக்கைகளில் கொடுக்கும் வாக்குறுதிகளுக்குக் காரணமும், பணத்துக்கு வழியும் சொல்ல வேண்டும் என்று, 2013 சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு தேர்தல் கமிஷனே விதி செய்திருக்கிறது. ஆனால் வாக்குறுதியை நிறைவேற்றாதவர் மேல் வழக்குப் போட்டு டிக்கிரி வாங்க வழியில்லை. இந்தப் புரோநோட்டுக்கு ஓட்டர்தான் கோர்ட்டு. அந்தக் கோர்ட்டுக்கு எழுத்தும் தேதியும் இல்லாத கேசைக் கொண்டுபோனால் என்ன தீர்ப்புக் கிடைக்கும்?

கடைசியாக, "இப்படியெல்லாம் கணக்குப் பேசினால் தோற்றுப்போவோமே, எதிரி சாதியையும் பணத்தையும் இறைக்கிறானே" என்று உங்களில் சிலர் கேட்கலாம். தோற்கலாம். நிச்சயம் ஜெயிப்பீர்கள் என்று நான் சொன்னால், நானும் மந்திரம் சொல்லுகிறவனாக ஆகிவிடுவேன். ஆனால் சாதியைச் சொல்லி ஜெயித்தவர் அடுத்த தடவையும் சாதியைத்தான் சொல்ல வேண்டும். பணத்தைக் கொடுத்து ஜெயித்தவர் அடுத்த தடவை இன்னும் அதிகம் கொடுக்க வேண்டும். கணக்கைச் சொல்லித் தோற்றவருக்கு, ஊரில் கணக்குக் கேட்கத் தெரிந்த நூறு பேராவது மிச்சம். அந்த நூறு பேர் அடுத்த தடவை ஜெயித்தவரையும் கேட்பார்கள், தோற்றவரையும் கேட்பார்கள், நம்மையும் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் பகுத்தறிவு என்று சொல்லுவது அதைத்தானே தவிர வேறொன்றுமில்லை.

ஆகவே தோழர்களே! நாளை முதல் நீங்கள் போகிற ஊரில் கொடுக்கப்போகிற நோட்டீசை இன்று மாலையே எழுதி, இங்கேயே ஒருவருக்கொருவர் படித்துக்காட்டி, ஐந்து கேள்வியையும் கேட்டுத் திருத்திக்கொண்டு புறப்படும்படிக் கேட்டுக்கொள்ளுகிறேன்.